ஆளுநரின் ஒப்புதலும் கால வரம்பும்: அரசமைப்பின் 200ஆம் உறுப்பு

ஒரு மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றும் சட்டமுன்வடிவு, அதாவது மசோதா, ஆளுநர் ஒப்புதல் அளிக்கும்வரை சட்டமாவதில்லை என்பதும், அந்த ஒப்புதலை எத்தனை நாளுக்குள் அளிக்க வேண்டும் அல்லது மறுக்க வேண்டும் என்பதை இந்திய அரசமைப்புச் சட்டம் எங்கும் குறிப்பிடவில்லை என்பதும் நீண்ட காலமாக அறியப்பட்ட செய்திகளே. 2023 முதல் 2025 வரையிலான மூன்று ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் இந்தக் குறையை மூன்று முறை எடுத்து ஆராய்ந்து, ஒன்றுக்கொன்று முழுவதும் ஒத்துப்போகாத விடைகளை வழங்கியதால், பாடநூலின் ஒரு மூலையில் கிடந்த 200ஆம் உறுப்பு கூட்டாட்சி பற்றிய விவாதத்தின் மையத்துக்கு வந்துவிட்டது. இந்த விவாதம் பெரும்பாலும் குறிப்பிட்ட ஆளுநர்களின் அரசியல் சார்பைப் பற்றியதாகவே பேசப்படுகிறது. ஆனால் சிக்கலின் வேர் ஆட்களிடம் இல்லை. அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு அதைப் பயன்படுத்துவதற்கான காலத்தைக் குறிக்காமல் விட்ட அமைப்பில்தான் அது இருக்கிறது.

200ஆம் உறுப்பின்படி, மசோதா தம்மிடம் வந்ததும் ஆளுநர் அதற்கு ஒப்புதல் அளிக்கலாம், ஒப்புதலை நிறுத்திவைக்கலாம், அல்லது குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்காக ஒதுக்கிவைக்கலாம். அதைத் தொடர்ந்து வரும் முதல் வரம்புரை, அதாவது பொது விதிக்கு நிபந்தனை சேர்க்கும் துணைக்கூறு, பண மசோதா அல்லாத எதையும் ஆளுநர் 'கூடிய விரைவில்' ஒரு செய்தியுடன் சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பலாம் என்றும், சட்டமன்றம் அதைத் திருத்தத்துடனோ திருத்தமின்றியோ மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் அவர் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது என்றும் கூறுகிறது. உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்தைக் குலைக்கக்கூடிய மசோதாவை அவர் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கியே ஆக வேண்டும் என்பது இரண்டாம் வரம்புரை. ஒதுக்கப்பட்ட மசோதாவுக்கு என்ன நேரும் என்பதை 201ஆம் உறுப்பு விளக்குகிறது. அங்கே சட்டமன்றம் ஆறு மாதத்துக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற கெடு உண்டு. ஆனால் குடியரசுத் தலைவருக்குக் கெடு இல்லை, மீண்டும் நிறைவேற்றப்பட்டு வந்தாலும் அவர் ஒப்புதல் அளித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மக்கள் தேர்ந்தெடுத்த அவைக்கு மட்டும் காலக்கெடுவை வைத்த இந்தச் சமனின்மை கவனிக்கத்தக்கது.

ஒப்புதலுக்குக் கெடு வைக்காதது அசதியால் நேர்ந்த விடுபாடு அன்று. நாடாளுமன்றம் நிறைவேற்றும் மசோதாக்களைப் பற்றிய வரைவு உறுப்பு 91, இன்றைய 111ஆம் உறுப்பு, குடியரசுத் தலைவர் ஒரு மசோதாவைத் திருப்பி அனுப்புவதானால் ஆறு வாரத்துக்குள் அனுப்ப வேண்டும் என்றுதான் முதலில் எழுதப்பட்டிருந்தது. 1949 மே மாதத்தில் அரசமைப்பு நிர்ணய சபையில் அம்பேத்கர் அந்த ஆறு வாரத்தை நீக்கிவிட்டு, 200ஆம் உறுப்பிலும் காணப்படும் 'கூடிய விரைவில்' என்ற தொடரை வைக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். எச்.வி. காமத் அதை எதிர்த்து, திட்டவட்டமான கெடுவே தேவை என்று வாதிட்டார்; சபை அம்பேத்கரின் திருத்தத்தையே ஏற்றது. ஆறு வாரம் வரை காத்திருக்கலாம் என்ற உரிமையைவிட உடனே செய்ய வேண்டும் என்ற கடமையே இறுக்கமானது என்ற நம்பிக்கை அந்த மாற்றத்தின் பின்னால் இருந்திருக்க வேண்டும். அந்த நம்பிக்கை நடைமுறையில் பொய்த்துவிட்டது.

ஆளுநரின் விருப்புரிமை பற்றிய வரலாறும் இதே காலத்தில்தான் தொடங்குகிறது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, மாகாண ஆளுநர் தம் விருப்புரிமைப்படி ஒப்புதல் அளிக்கவோ மறுக்கவோ ஒதுக்கவோ இடம் கொடுத்திருந்தது. சுதந்திர இந்தியாவின் வரைவு உறுப்பு 175-இல், மசோதாவைத் திருப்பி அனுப்பும் இடத்தில் எஞ்சியிருந்த 'விருப்புரிமைப்படி' என்ற சொல்லை, 1949 ஆகஸ்டில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி முன்மொழிந்த திருத்தம் அகற்றியது. பொறுப்பாட்சி முறையில் ஆளுநர் தம் விருப்பப்படி செயல்பட இடமில்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஷம்ஷேர் சிங் வழக்கில் 1974-இல் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, சில விதிவிலக்குகள் நீங்கலாக ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று தீர்ப்பளித்ததும் இந்தப் போக்கோடு இசைந்ததே. ஆனால் அந்த விதிவிலக்குகளின் எல்லை எதுவரை என்பதில்தான் பிற்காலத்து வழக்குகள் அனைத்தும் முட்டிக்கொண்டன.

காலம் கடந்த ஒப்புதல் என்ன விளைவை உண்டாக்கும் என்பதற்குக் கேரளத்தின் முதல் நிலச்சீர்திருத்தச் சட்டத்தைவிட நல்ல சான்று இல்லை. ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையிலான அரசின் வேளாண் உறவுகள் மசோதா 1959 ஜூனில் நிறைவேற்றப்பட்டு, குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்காக ஒதுக்கப்பட்டது. அடுத்த மாதத்தின் கடைசி நாளில் அந்த அரசு கலைக்கப்பட்டது, சட்டமன்றமும் கலைந்தது. 1960-இல் தேர்தல் நடந்து வேறு பெரும்பான்மை கொண்ட புதிய அவை அமைந்த பிறகு மசோதா திருப்பி அனுப்பப்பட்டு, திருத்தங்களுடன் மீண்டும் நிறைவேறி, 1961 ஜனவரியில்தான் ஒப்புதல் பெற்றது. அவை கலைந்ததும் மசோதாவும் காலாவதியாகிவிட்டது என்று புருஷோத்தமன் நம்பூதிரி தொடுத்த வழக்கில், ஒப்புதலுக்குக் காத்திருக்கும் மசோதா அவை கலைப்பால் காலாவதியாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 200, 201 ஆகிய உறுப்புகளில் ஒப்புதலுக்குக் காலக்கெடு இல்லை என்பதையும் அந்த முடிவுக்கு ஒரு காரணமாகக் காட்டியது. மசோதாவைக் காப்பாற்றிய அதே வாதம், தாமதத்துக்கும் ஒரு சட்ட ஆதரவாகப் பிற்காலத்தில் நின்றது என்பது வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று.

தமிழ்நாட்டின் பத்து மசோதாக்கள் இந்த நீண்ட வரலாற்றின் அண்மை அத்தியாயம். மாநிலப் பல்கலைக்கழகங்களில் துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை, பதவிவழி வேந்தரான ஆளுநரிடமிருந்து மாநில அரசுக்கு மாற்றுவதே அவற்றில் பெரும்பாலானவற்றின் நோக்கம். அவற்றுள் மிகப் பழையவை 2020 ஜனவரியில், அ.தி.மு.க. ஆட்சியில் நிறைவேறியவை, மற்றவை தி.மு.க. ஆட்சியில் 2022, 2023 ஆண்டுகளில் நிறைவேறியவை. கட்சி மாறியும் கோரிக்கை மாறவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்வது நல்லது. 2021 செப்டம்பரில் பொறுப்பேற்ற ஆளுநர் ஆர்.என். ரவி இவற்றின் மீது முடிவெடுக்காததை எதிர்த்து மாநில அரசு 2023 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றத்தை அணுகியது. அதன் பின் நடந்தவை நாள் கணக்கில் அடங்கிவிடுகின்றன. நவம்பர் 10 அன்று, பஞ்சாப் அரசு தொடுத்த வேறொரு வழக்கில், ஒப்புதலை நிறுத்திவைக்கும் ஆளுநர் மசோதாவைச் சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியே தீர வேண்டும், சும்மா வைத்துக்கொண்டு அதைச் சாகடிக்க முடியாது என்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. நவம்பர் 13 அன்று தமிழ்நாட்டின் பத்து மசோதாக்களுக்கும் ஒப்புதல் நிறுத்திவைக்கப்படுவதாக ஆளுநர் தெரிவித்தார். நவம்பர் 18 அன்று சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் நடத்திப் பத்தையும் அப்படியே மீண்டும் நிறைவேற்றியது. நவம்பர் 28 அன்று ஆளுநர் பத்தையும் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கிவைத்தார். குடியரசுத் தலைவர் பின்னர் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்து, ஏழை நிராகரித்து, இரண்டைப் பரிசீலிக்காமல் விட்டார்.

ஏறத்தாழ நான்கு ஆண்டு வரை அசையாமல் கிடந்த கோப்பு, வழக்குப் பதிவாகிய நான்கு வாரத்தில் இரண்டு முறை நகர்ந்திருக்கிறது என்பது, தாமதத்துக்குப் பரிசீலனையின் கடினம் காரணமாக இருந்திருக்க முடியாது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

'நிறுத்திவைத்தல்' என்பதன் பொருள் பற்றி ஆளுநர் தரப்பில் இருந்த புரிதல் வெளிப்படையானதே. 2023 ஏப்ரல் 6 அன்று ஆளுநர் மாளிகையில் குடிமைப் பணித் தேர்வுக்குப் பயில்வோருடன் நடந்த கலந்துரையாடலில், நிறுத்திவைப்பு என்பது நிராகரிப்பைக் கண்ணியமாகச் சொல்வதே, அந்த மசோதா இறந்துவிட்டதாகவே பொருள் என்று அவர் விளக்கினார். தேர்வு வழிகாட்டிகள் பலவும் குடியரசுத் தலைவரின் 'பாக்கெட் வீட்டோ', அதாவது ஒப்புதலும் மறுப்பும் இன்றி மசோதாவைக் கையில் வைத்துக்கொள்வது, பற்றிய பாடத்தை ஆளுநருக்கும் நீட்டியே எழுதிவந்தன. 1986-இல் அஞ்சல் அலுவலகத் திருத்த மசோதாவைக் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அவ்வாறு வைத்துக்கொண்டதே அதற்கு நிலையான எடுத்துக்காட்டு. ஆயினும் 200ஆம் உறுப்பின் பாதை முறையாக நடந்த நிகழ்வும் அதே தமிழ்நாட்டில், அதே ஏப்ரலில் உண்டு. இணையவழிச் சூதாட்டத் தடை மசோதா 2022 அக்டோபரில் நிறைவேறி, 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பப்பட்டு, மார்ச் 23 அன்று மீண்டும் நிறைவேறி, ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது.

ஆளுநர் தரப்பின் நிலைப்பாட்டில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கல்வி 1976-இன் 42ஆம் திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாறியது. பொதுப் பட்டியலில் உள்ள ஒரு பொருளில் மத்தியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலச் சட்டம், 254ஆம் உறுப்பின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால்தான் அம்மாநிலத்தில் நிற்கும். மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்விலிருந்து விலக்குக் கோரிய தமிழ்நாட்டு மசோதா, 2022 பிப்ரவரியில் திருப்பி அனுப்பப்பட்டு மீண்டும் நிறைவேறிய பின் குடியரசுத் தலைவருக்குச் சென்றதும், ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டதும் இந்த வழியில்தான். துணைவேந்தர் நியமனத்திலும் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகளுக்கு மாறான மாநில ஏற்பாடு செல்லாது என்று, கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே கூறியிருந்தது. ஆகவே ஐயமுள்ள மசோதாவை ஆளுநர் ஒதுக்கிவைப்பது தவறன்று. அதைத் தொடக்கத்திலேயே காரணத்தோடு செய்யாமல், ஆண்டுக்கணக்கில் மௌனமாக இருந்து, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றிய பிறகு செய்ததே வழக்கின் மையப்புள்ளி ஆயிற்று.

2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோரின் அமர்வு வழங்கிய தீர்ப்பு, மீண்டும் நிறைவேறிய மசோதாக்களை ஒதுக்கிவைத்தது சட்டவிரோதம் என்று கூறியதோடு நில்லாமல், கால அட்டவணை ஒன்றையும் வகுத்தது. அமைச்சரவையின் ஆலோசனைப்படி நிறுத்திவைக்கவோ ஒதுக்கவோ ஒரு மாதம், ஆலோசனைக்கு மாறாகச் செய்வதானால் மூன்று மாதம், மீண்டும் நிறைவேறி வந்த மசோதாவுக்கு ஒரு மாதம், குடியரசுத் தலைவருக்கு மூன்று மாதம். கடைசியாகச் சொன்ன மூன்று மாதம் நீதிபதிகளின் கற்பனை அன்று; மாநில மசோதாக்களை மூன்று மாதத்துக்குள் முடிவுசெய்ய வேண்டும் என்று மத்திய உள்துறை அமைச்சகமே 2016 பிப்ரவரியில் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டிருந்தது. அடுத்து நீதிமன்றம் செய்ததுதான் முன்னுதாரணம் இல்லாதது. 'முழுமையான நீதி' வழங்குவதற்கென உச்ச நீதிமன்றத்துக்கு உள்ள 142ஆம் உறுப்பின் சிறப்பதிகாரத்தைப் பயன்படுத்தி, பத்து மசோதாக்களும் 2023 நவம்பர் 18 அன்றே ஒப்புதல் பெற்றவையாகக் கருதப்படும் என்று அது அறிவித்தது. மூன்று நாளில் அவை, ஆளுநரின் கையொப்பமே இல்லாமல், தமிழ்நாடு அரசிதழில் சட்டங்களாக வெளியாயின.

அந்தத் தீர்ப்பின் அறச்சீற்றம் நியாயமானது. அதன் முறை பலவீனமானது. அரசமைப்புக்குப் பொருள்கொள்ளும் முக்கியக் கேள்விகளைக் குறைந்தது ஐந்து நீதிபதிகள் விசாரிக்க வேண்டும் என்பது 145ஆம் உறுப்பின் மூன்றாம் உட்பிரிவு. இங்கே இருவர் முடிவுசெய்தனர். அரசமைப்பை எழுதியவர்கள் பேசித் தவிர்த்த காலக்கெடுவை நீதிமன்றம் எழுதிச் சேர்த்தது திருத்தத்துக்கு ஒப்பான செயல் என்ற விமர்சனமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அன்றைய குடியரசுத் துணைத்தலைவர் ஜகதீப் தன்கர், 142ஆம் உறுப்பை அணு ஏவுகணையோடு ஒப்பிட்டுப் பேசினார். ஓர் உயர் பதவியில் இருப்பவர் கையாள வேண்டிய சொல்லாட்சி அது அன்று என்றாலும், பின்னாலிருந்த சட்டக் கேள்வி உண்மையானதே. மேலும், ஒப்புதல் கிடைத்ததாகக் கருதப்பட்டதால் மாநிலத்துக்குக் கைமேல் பயனும் விளையவில்லை. 2025 மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் கோடை விடுமுறைக்கால அமர்வு, துணைவேந்தர் நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது.

அதற்கு ஒரு வாரம் முன்பே, மே 13 அன்று, குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 143ஆம் உறுப்பின்கீழ் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பியிருந்தார். பொது முக்கியத்துவம் உள்ள சட்டக் கேள்வியில் நீதிமன்றத்தின் கருத்தைக் குடியரசுத் தலைவர் கேட்டுப் பெற அந்த உறுப்பு வழிசெய்கிறது. கேரளக் கல்வி மசோதாவின் மீது 1958-இல் பெறப்பட்ட கருத்து இவ்வழியில் வந்தவற்றுள் புகழ்பெற்ற ஒன்று. இம்முறை தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதிகள் சூர்ய காந்த், விக்ரம் நாத், பி.எஸ். நரசிம்மா, அதுல் சந்துர்கர் ஆகிய ஐவர் அமர்வு பத்து நாள் விசாரித்து, 2025 நவம்பர் 20 அன்று ஒருமனதான கருத்தை வழங்கியது.

அக்கருத்தில் இரு தரப்புக்கும் பங்கு உண்டு. ஆளுநருக்கு மூன்றே வழிகள் உள்ளன என்றது நீதிமன்றம்: ஒப்புதல் அளித்தல், குடியரசுத் தலைவருக்கு ஒதுக்குதல், நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்புதல். திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்திவைப்பது என்ற நான்காவது வழி கிடையாது. விசாரணையின்போதே, வெறுமனே நிறுத்திவைக்க முடியும் என்றால் திருப்பி அனுப்பவே முடியாத பண மசோதாவையும் ஆளுநர் முடக்கிவிடலாமே என்ற கேள்வி அமர்விலிருந்து எழுந்தது. அதற்கு நிறைவான பதில் கிடைக்கவில்லை. ஆனால் அந்த மூன்றில் எதைத் தேர்வது என்பதில் ஆளுநருக்கு விருப்புரிமை உண்டு, அமைச்சரவையின் ஆலோசனை அவரைக் கட்டுப்படுத்தாது என்றும் அதே அமர்வு கூறியது. 1949-இல் 'விருப்புரிமைப்படி' என்ற சொல் நீக்கப்பட்டதற்கு ஏப்ரல் தீர்ப்பு கொடுத்த எடையை நவம்பர் கருத்து கொடுக்கவில்லை. நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது. கருதப்படும் ஒப்புதல் என்பது ஓர் அரசமைப்புப் பதவியின் பணியை இன்னொன்று பறித்துக்கொள்வதாகும், 142ஆம் உறுப்பு அதற்கு இடம் தராது. சட்டமாகாத மசோதாவின் உள்ளடக்கத்தை நீதிமன்றம் ஆராயாது. இவற்றுக்கு ஒரு விலக்கு மட்டும் வைக்கப்பட்டது. நீண்ட, விளக்கமற்ற, முடிவில்லாத செயலின்மை இருந்தால், நியாயமான காலத்துக்குள் முடிவெடுக்குமாறு ஆளுநருக்கு வரம்புக்குட்பட்ட ஆணை பிறப்பிக்கலாம். பதவியில் இருப்பவருக்கு 361ஆம் உறுப்பு தரும் தனிப்பட்ட பாதுகாப்பு அதற்குத் தடையாகாது.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் 'ஆளுநருக்கு எத்தனை வழிகள்' என்ற கேள்விக்கு இனி எழுத வேண்டிய விடை இதுவே. ஆனால் ஆட்சி நடத்துபவருக்கு எஞ்சும் கேள்வி வேறு. 'நீண்ட' என்பது எவ்வளவு நீண்டது, 'நியாயமான காலம்' ஒரு மாதமா ஓராண்டா என்பதை ஒவ்வொரு மசோதாவுக்கும் தனித்தனியாக வழக்காடித்தான் அறிய வேண்டும்; வழக்கில் வென்றாலும் கிடைப்பது முடிவு எடுக்கும்படியான ஆணை மட்டுமே, அந்த முடிவு எதுவாகவும் இருக்கலாம். ஐந்தாண்டு ஆயுள் கொண்ட சட்டமன்றத்தின் மசோதா, இரண்டு ஆண்டு காத்திருந்து, ஓராண்டு வழக்காடி, பின்னர் குடியரசுத் தலைவரிடம் சென்று காத்திருக்கத் தொடங்குமானால், தேர்தல் வாக்குறுதிக்கும் சட்டத்துக்கும் இடையிலான தொடர்பே அறுந்துபோகும். நவம்பர் கருத்து கொள்கையைச் சரியாகச் சொல்லிவிட்டு, பரிகாரத்தைக் கைநழுவ விட்டது என்று மதிப்பிடுவதே பொருந்தும்.

கெடு வைப்பது நாட்டுத் தலைமையின் கண்ணியத்தைக் குலைக்கும் என்ற வாதம் அண்டை நாடுகளின் அரசமைப்புகளைப் பார்த்தால் நிற்பதில்லை. வங்கதேச அரசமைப்பின் 80ஆம் உறுப்பு குடியரசுத் தலைவருக்கு 15 நாள் கொடுத்து, அது கடந்தால் ஒப்புதல் அளிக்கப்பட்டதாகவே கொள்கிறது. பாகிஸ்தானில் அந்தக் காலம் பத்து நாள். அமெரிக்காவிலும், ஞாயிறு நீங்கலாகப் பத்து நாளுக்குள் அதிபர் கையொப்பமிடாவிட்டால், காங்கிரஸ் கூட்டத்தொடர் ஒத்திவைக்கப்பட்டிராத நிலையில், மசோதா சட்டமாகிவிடும். மாநில ஆளுநரின் சிக்கலுக்கு மிக நெருங்கிய ஒப்புமை இலங்கையில் உள்ளது. 1987-இன் 13ஆம் திருத்தம் உருவாக்கிய மாகாண சபை முறையில், சபை நிறைவேற்றும் ஒரு நியதிச்சட்டத்தை ஆளுநர் ஒருமுறை திருப்பி அனுப்பலாம். சபை மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதல் அளிக்க வேண்டும், அல்லது ஒரு மாதத்துக்குள் சனாதிபதி வழியாக இலங்கை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்ப ஒதுக்க வேண்டும். அரசமைப்புக்கு முரணில்லை என்று நீதிமன்றம் கூறினால் ஒப்புதல் கட்டாயம். அங்கே இறுதி முடிவு மத்திய அமைச்சரவையிடம் இல்லாமல் நீதிமன்றத்திடம் இருக்கிறது என்பதே முக்கிய வேறுபாடு. மாகாணங்களுக்கு மிகக் குறைந்த அதிகாரம் தந்ததாகக் குறைகூறப்படும் ஒரு திருத்தம், இந்த ஒரு செய்தியில் மட்டும் இந்தியாவின் 200, 201ஆம் உறுப்புகளைவிடத் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது.

இந்தியாவிலும் வழி சொல்லப்படாமல் இல்லை. நீதிபதி வெங்கடாசலையா தலைமையிலான அரசமைப்புச் செயல்பாட்டு மறுஆய்வு ஆணையம் 2002-இல் ஆளுநருக்கு நான்கு மாதக் கெடுவைப் பரிந்துரைத்தது. மத்திய, மாநில உறவுகள் பற்றிய புஞ்சி ஆணையம் 2010-இல் ஆறு மாதத்தைப் பரிந்துரைத்தது. இரண்டும் மத்திய அரசே நியமித்த ஆணையங்கள். இரண்டின் பரிந்துரையையும் எந்தக் கட்சியின் மத்திய அரசும் சட்டமாக்க முன்வரவில்லை. நீதிமன்றம் கெடுவை எழுத முடியாது என்று ஐந்து நீதிபதிகள் கூறிவிட்ட பின், அதை எழுதக்கூடிய ஒரே இடம் 368ஆம் உறுப்பின் வழியான அரசமைப்புத் திருத்தமே. அந்த உறுப்பின் வரம்புரை, பாதி மாநிலங்களின் ஏற்பைப் பெற வேண்டிய பொருள்களைப் பட்டியலிடுகிறது; அப்பட்டியலில் 200ஆம் உறுப்போ 201ஆம் உறுப்போ இல்லை. திருத்த மசோதாவை நாடாளுமன்றத்தின் ஈரவைகளுள் ஒன்றில்தான் கொண்டுவர முடியும். மாநிலச் சட்டமன்றங்களின் மசோதாக்களுக்குக் கெடு விதிக்கும் திருத்தத்தைத் தொடங்கவோ, அதன்மீது வாக்களிக்கவோ எந்த மாநிலச் சட்டமன்றத்துக்கும் இன்றைய அரசமைப்பில் இடமில்லை.